கணிப்பொறிக்குச் செவியும் நாவும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர் பெருமக்கள் இலக்கியம் பேசக் கேட்டு மகிழ்ந்தவர்கள் நீங்கள். நானோ பத்தாம் வகுப்புத் தேறியதோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, புகைவண்டி அலுவலகத்தில் எழுத்தராய்க் காலந்தள்ளுபவன். பெட்டிகளின் எண்ணையும் எடையையும் பதிவேட்டில் எழுதத் தெரியுமேயன்றி, மேடையில் பேசத் தெரியாதவன். எனினும், நம் சங்கப் படிப்பகத்துக் கணிப்பொறிக்கு ஒலிக்கருவி அமைத்த வரலாற்றைச் சொல்லுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். “அதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது?” என்று முதலில் மறுத்தேன். பின்னர் எண்ணிப் பார்த்தபோது, என் வாழ்க்கையின் பெரியதொரு பிழையும் அதற்கு நான் தேடிய கழுவாயும் அதனுள் அடங்கியிருப்பதை உணர்ந்தேன். ஆதலின் இங்கு வந்து நிற்கின்றேன். சொற்குற்றம் பொருட்குற்றம் இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

அன்பர்களே! இத்தங்கவயலுக்கு நம் முன்னோர் எவ்வாறு வந்தனர் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டுமென்பதில்லை. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் குழுமத்தார் இங்குச் சுரங்கத் தொழிலில் இறங்கினர். வட ஆர்க்காட்டிலும் சேலத்திலும் சித்தூரிலும் இருந்து, மழை பொய்த்த நிலத்தை விட்டு நம்மவர் கூட்டங்கூட்டமாய் வந்தனர். 1894இல் புகைவண்டிப் பாதை மாரிக்குப்பத்தை எட்டியது. 1902இல் சிவசமுத்திர அருவியின் மின்சாரம் இங்கு வந்து சேர்ந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் வரை இறங்கிற்று. இறுதியில், 2001ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அவ்வாழத்தில் நீர் நிற்கிறது. அங்கு என்ன நிகழ்ந்தது என்பதை இனி எவரும் இறங்கிப் பார்த்துச் சொல்ல இயலாது. இறங்கி ஏறியவர்கள் சொன்னால்தான் உண்டு. அவர்களுள் பலர் எழுபதைக் கடந்துவிட்டனர். பாறைத்தூள் படிந்த நுரையீரலோடு, நான்கு சொல் பேசினால் ஒரு முறை மூச்சு வாங்குகின்றனர்.

இப்பெரியவர்களின் பேச்சை அவர்கள் குரலிலேயே பதிவு செய்து வைக்க வேண்டுமென்று நம் சங்கம் தீர்மானித்தது. பணம் இருந்ததா என்றால், இல்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் நம் காலனி இளைஞர் ஒருவர் தாம் பயன்படுத்திய பழைய கணிப்பொறியைக் கொடுத்தார். அதில் ‘டெபியன்’ என்னும் லினக்ஸ் இயங்குதளத்தையும் நிறுவித் தந்தார். இவ்வியங்குதளத்துக்கு உரிமக் கட்டணம் கிடையாது. அதன் உள்ளமைப்பை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் கொடுக்கலாம். சீ-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தார் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பாஸ்’ என்னும் இந்திய இயங்குதளமும் டெபியனை அடியொற்றியதே. ஊர்ப் பொதுக்கிணறு போன்றது இம்முயற்சி. தோண்டியவர் யாராயினும் நீர் எல்லார்க்கும் உரியது.

முதற்பதிவு என் தந்தையாருடையது. முப்பத்தோராண்டு சுரங்கத்தில் உழைத்தவர். ஒரு ஞாயிறு காலை அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து நாற்காலியில் அமர்த்தினேன். கடையில் வாங்கிய சிறிய ஒலிவாங்கியை அவர் வாயருகே வைத்தேன். திரையில் பச்சைநிறப் பட்டை ஆடிற்று. ஆட்டம் சற்றுக் குறைவாக இருக்கவே, அளவைக் கடைசி வரை உயர்த்தினேன். அவர் ஒரு மணி நேரம் பேசினார். பாறை வெடித்து வழி அடைபட்ட ஒரு நாளில், இருட்டில் காத்திருந்து மேலே வந்த கதையை முதன்முறையாக முழுமையாகச் சொன்னார். என் தாயாரிடம்கூட அவர் அதைச் சொன்னதில்லை.

பதிவை ஒலிக்கச் செய்தேன். அடைமழை ஓட்டின் மேல் பெய்வதுபோல் ஓர் இரைச்சல்; அதனடியில் மின்விசிறியின் முனகல். தந்தையார் சிறிது நேரம் கேட்டுவிட்டு, “என் பேச்சு எங்கேயப்பா?” என்றார். “அடுத்த ஞாயிறு மறுபடியும் பேசலாம்” என்றேன். அந்த ஞாயிறு வருமுன் மூச்சுத்திணறல் மிகுந்து மருத்துவமனையில் சேர்ந்தார். மூன்று திங்கள் கழித்து மறைந்தார்.

பிழை எங்கே நேர்ந்தது என்று நான் கண்டறிந்தது அதற்குப் பிறகுதான். வெளியூர்ப் பிள்ளைகளோடு முகம் பார்த்துப் பேசுவதற்காகச் சிறிய ஒளிப்படக் கருவி ஒன்று அந்தக் கணிப்பொறியில் முன்பே செருகப்பட்டு, அலமாரியின் மேல் வைக்கப்பட்டிருந்தது. அதனுள்ளும் ஓர் ஒலிவாங்கி உண்டு. கணிப்பொறி அதைத்தான் தன் செவியாகக் கொண்டிருந்தது. தந்தையாரின் வாயருகே நான் வைத்திருந்த ஒலிவாங்கியோ எதையும் கேட்காத செவிட்டுச் செவியாய் இருந்தது. திரையில் பட்டை ஆடியதைக் கண்டேனே தவிர, ஆடுவது எந்தச் செவியின் பட்டை என்று நான் பார்க்கவில்லை. எங்கள் துறைமொழியில் சொன்னால், ‘பாயிண்ட்’ மாறிக் கிடந்தது. வண்டி வேறு தடத்தில் போய்விட்டது. குற்றம் கருவியினுடையதன்று, அதை விற்றவருடையதுமன்று. கொடியசைக்கு முன் தடத்தைப் பாராத என்னுடையதே.

அன்று தொடங்கி, இரவுப் பணி இல்லாத நாள்களில் எல்லாம் இதையே படித்தேன், செய்து பார்த்தேன். அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலில், கணிப்பொறி எவ்வாறு கேட்கிறது? நம் குரல் காற்றில் எழுப்பும் அதிர்வை ஒலிவாங்கி மின்னதிர்வாக மாற்றுகிறது. ஒலி அட்டை அம்மின்னதிர்வை ஒரு நொடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகப் பதிவேட்டில் எழுதுகிறது. இசைக் குறுந்தகட்டில் இது நொடிக்கு 44,100 முறை. பழைய தொலைபேசி முறையில் 8,000 முறைதான். எண் ஒவ்வொன்றும் 16 இருமக் கூறுகளால் ஆனதெனில், 65,536 படிகளுள் ஒன்றாக அமையும். பேசும்போது இவ்வெண்கள் மீண்டும் மின்னதிர்வாகி ஒலிபெருக்கிக்குப் போகின்றன. கணிப்பொறியின் செவியும் நாவும் இவ்வளவே. கேட்டது குறைவாயின் எழுதியது குறைவாகும். எழுதாததைப் பின்னர் எவ்வளவு உரக்கப் படித்தாலும் பயனில்லை.

அடுத்து, லினக்ஸ் இயங்குதளத்துக்குள் ஒலி செல்லும் வழி. இதை மூன்று படிகளாகக் கொள்ளலாம். முதற்படி கருவி, அது நிலையம் போன்றது. இரண்டாவது இயக்கி, அது இருப்புப் பாதை. மூன்றாவது ஒலிப் பணியகம். அது நிலைய அதிபர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பின்லாந்து நாட்டு அன்னு சாவலைனென் என்பார் லினக்சுக்கு ஒலிப்பாதை அமைத்தார். 1998இல் செக் நாட்டு யாரொசுலாவ் கைசேலா, தம்மிடமிருந்த கிராவிஸ் ஒலி அட்டை செவ்வனே இயங்க வேண்டுமென்று இயக்கி எழுதத் தொடங்கினார். அதுவே வளர்ந்து ‘ஆல்சா’ என்னும் பெரும் பாதையாகி, 2003ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த லினக்ஸ் 2.6 கருவில் இடம்பெற்றது. ஒருவர் தம் வீட்டு அட்டைக்காகச் செய்தது உலகிற்குப் பொதுவாயிற்று.

பாதை அமைந்தாலும், ஒற்றைத் தடத்தில் ஒரு நேரம் ஒரு வண்டிதானே ஓடும்? ஒரு மென்பொருள் பாடிக்கொண்டிருக்க, மற்றொன்று வாய் திறக்க முடியாத நிலை முன்பு இருந்தது. அதனைத் தீர்க்க 2004இல் லெனார்ட் பெட்டரிங் ‘பல்ஸ் ஆடியோ’ என்னும் பணியகத்தைத் தொடங்கினார். 2017 அளவில் விம் டேமன்ஸ் வெளிப்படுத்திய ‘பைப்வயர்’ இன்று பல லினக்ஸ் வெளியீடுகளில் அப்பணியை ஏற்றிருக்கிறது. எந்த ஒலி எந்தக் கருவிக்குப் போக வேண்டும், எந்தச் செவி இப்போது கேட்க வேண்டும் என்று ஆணையிடுவது இப்பணியகமே. நான் தவறியது இங்குத்தான்.

இனி, வாங்கும்போது பார்க்க வேண்டியவை.

ஒன்று: யு.எஸ்.பி. வழிச் செருகும் ஹெட்செட்டோ ஒலிவாங்கியோ நம்போன்றோர்க்கு ஏற்றது. யு.எஸ்.பி. ஒலிக்கருவிகளுக்கென 1998இலேயே ஒரு பொது இலக்கணம் வகுத்துவிட்டனர். அவ்விலக்கணத்துக்கு உட்பட்ட கருவிக்குத் தனி இயக்கி வேண்டா; செருகியவுடன் லினக்ஸ் அதனை அறிந்துகொள்ளும். பெட்டியின் மேல் ‘இயக்கி தேவையில்லை’ என்ற பொருளில் எழுதியிருப்பின் நன்று. தனியாகக் குறுந்தகடு வைத்து, அதை நிறுவினால்தான் வேலை செய்யும் என்று கூறும் கருவியைத் தவிர்க்கலாம்.

இரண்டு: கணிப்பொறியின் பின்புறம் இளஞ்சிவப்பு, பச்சை நிறங்களில் துளைகள் உண்டு. சிவப்பு செவிக்கு; பச்சை நாவிற்கு. கைப்பேசியின் ஹெட்செட்டுக்கு ஒரே முனையில் இரண்டும் சேர்ந்திருக்கும். அதை இத்துளையில் நேரே செருகினால் கேட்குமே தவிரப் பேச்சு பதியாது. இரு முனைகளாகப் பிரிக்கும் இணைப்பு ஒன்று வேண்டும். மேலும், பெட்டிக்குள் இருக்கும் ஒலி அட்டையில் உள்மின்சுற்றுகளின் இரைச்சல் கலக்கும். யு.எஸ்.பி. கருவியோ அளக்கும் பகுதியைத் தன்னகத்தே வெளியில் வைத்திருப்பதால் இவ்விரைச்சல் பெரும்பாலும் குறையும்.

மூன்று: கம்பியில்லாப் புளூடூத் ஹெட்செட் பாட்டுக் கேட்க இனியது, பதிவுக்கு ஏற்றதன்று. அதன் ஒலிவாங்கியைத் திறந்தவுடன் ஒலி பொதுவாகத் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும்.

நான்கு: புதிய மடிக்கணினி வாங்குவோர், லினக்ஸ் அடங்கிய பென் டிரைவைக் கடைக்குக் கொண்டு சென்று, அதிலிருந்தே கணினியைத் தொடங்கிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே எதையும் நிறுவ வேண்டா. ஒலி வருகிறதா, குரல் பதிகிறதா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சில புதிய இன்டெல் மடிக்கணினிகளில் உள்ளமைந்த ஒலிவாங்கி வேலை செய்வதற்கு, ‘சவுண்டு ஓப்பன் ஃபர்ம்வேர்’ என்னும் துணைத்தொகுப்பையும் நிறுவ வேண்டியிருக்கும்.

அடுத்து, அமைக்கும் முறை. கணிப்பொறி தன்னிடமுள்ள ஒலிக்கருவிகளுக்கு எண் கொடுக்கிறது. இன்று ஒன்றாம் எண் பெற்றது நாளை இரண்டாகலாம். ஆதலின் எண்ணை நம்பாமல் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒலியே வரவில்லையெனின் அஞ்ச வேண்டா. ‘ஆல்சாமிக்சர்’ என்னும் கட்டளையை இடுங்கள். எஃப்-6 விசையால் கருவியைத் தேர்ந்தால் தூண்கள் போன்ற பட்டைகள் தோன்றும். பட்டையின் அடியில் இரண்டு ‘எம்’ எழுத்துகள் இருந்தால், அதன் வாய் கட்டப்பட்டுள்ளது என்று பொருள். ‘எம்’ விசையை அழுத்தினால் கட்டு அவிழும். எஃப்-4 விசையை அழுத்தினால் செவிகளின் பட்டைகளைக் காணலாம். எச்.டி.எம்.ஐ. கம்பியால் திரையை இணைத்திருந்தால், ஒலி அத்திரைக்கே போய்விடுவதும் உண்டு. ஒலி அமைப்பில் அதை மாற்றிக்கொள்ளலாம்.

இனி நான் சொல்லப்போவது ஒன்றையேனும் மறவாதீர்கள். பதிவு தொடங்குமுன் ஒலிவாங்கியின் தலையை நகத்தால் மெல்லத் தட்டுங்கள். திரையில் பட்டை துள்ளிக் குதித்தால் அதுவே கேட்கும் செவி. துள்ளவில்லையெனில் கணிப்பொறி வேறெங்கோ செவிசாய்த்துக் கொண்டிருக்கிறது. இவ்வொரு தட்டு அன்று எனக்குத் தெரிந்திருந்தால் என் தந்தையாரின் குரல் இன்று இம்மன்றத்தில் ஒலித்திருக்கும்.

ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். மூச்சுக் காற்று நேரே மோதலாகாது. தொலைவு இரட்டித்தால் ஒலியழுத்தம் பாதியாகும். ஒரு சாணிலிருந்து ஆறடிக்குப் போனால் எட்டில் ஒரு பங்கே எஞ்சும். குறைந்த குரலை ஈடுசெய்ய அளவை உயர்த்தினால் இரைச்சலும் உடன் உயரும். ஆதலின் அளவை உயர்த்துவதினும் அருகில் வைப்பதே மேல். உரக்கப் பேசும்போதும் பட்டை உச்சியைத் தொடலாகாது. உச்சிக்கு 12 டெசிபெல் கீழே நிற்கட்டும். உச்சியைத் தாண்டிய குரல் உடைந்து பதியும். உடைந்ததை ஒட்ட இயலாது. மின்விசிறியை நிறுத்துங்கள். மடிக்கணினியாயின் மின்னூட்டும் கம்பியைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட்டுங்கள். முதல் ஒரு நிமிடத்தைப் பதிந்து, கேட்டுப் பார்த்த பின்னரே பெரியவரைப் பேசச் சொல்லுங்கள். அவர்களுடைய மூச்சு எண்ணி வைக்கப்பட்டது. நம் கவனக்குறைவுக்காக அதை வீணாக்க நமக்கு உரிமை இல்லை.

பதிந்ததை ‘ஃபிளாக்’ என்னும் வடிவில் வையுங்கள். அது ஒலியின் ஓர் அணுவையும் இழக்காமல் சுருக்கும். ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரப் பேச்சு, சுருக்காத நிலையில் ஏறத்தாழ 346 மெகாபைட்டு ஆகும். நூறு மணி நேரம் பேசினாலும் கைக்கடக்கமான வட்டு ஒன்றில் அடங்கிவிடும்.

செவியைப் பற்றிச் சொன்னேன். நாவைப் பற்றியும் ஒரு சொல். நம் காலனியில் பார்வை இழந்த ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் இருக்கிறார். இளமையில் நாளிதழை வரி விடாமல் படித்தவர். பிள்ளைகள் வேலைக்குப் போனபின் படித்துக் காட்ட ஆளின்றி வாடினார். ‘ஓர்க்கா’ என்னும் திரைபடிப்பானும் ‘ஈ-ஸ்பீக் என்.ஜி.’ என்னும் பேச்சுப்பொறியும் லினக்சில் விலையின்றிக் கிடைக்கின்றன. பேச்சுப்பொறிக்குத் தமிழும் தெரியும். குரல் சற்று இயந்திரக் குரல்தான்; எனினும் சொல் விளங்கும். அமைத்துக் கொடுத்த மறுநாள், “எல்லாம் நன்றாக இருக்கிறது தம்பி. ஆனால் தமிழ் என்பது ‘மிழ்’ என்றல்லவா கேட்கிறது?” என்றார். ஆராய்ந்தபோது, சில நொடி அமைதியாயிருந்தால் ஒலி அட்டை மின்சிக்கனத்துக்காக உறங்கிவிடுவதும், எழுப்பும்போது முதல் அசையை விழுங்குவதும் தெரிந்தது. இயக்கியின் மின்சிக்கன நேரத்தைச் சுழியமாக மாற்றினேன். இப்போது முதலெழுத்தோடு முழுத் தமிழும் கேட்கிறார். காலையில் படிப்பகம் திறக்குமுன் வாயிற்படியில் அவர்தான் காத்திருக்கிறார். திருவள்ளுவர் கேள்விக்கென்று ஓர் அதிகாரமே வகுத்ததன் அருமையை அவர் முகத்தில் கண்டேன்.

அன்பர்களே! இதுகாறும் பதினொரு பெரியவர்களின் குரலைப் பதிந்துள்ளோம். இதற்கு நாம் புதிதாய் வாங்கியது ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ரூபாய் விலையுள்ள யு.எஸ்.பி. ஹெட்செட் ஒன்றே. பதிவுக்கு முன் அவரவர் இசைவைக் கேட்கிறோம். வெளியிட வேண்டாமென்று சொன்ன பகுதியைத் தனியே வைக்கிறோம். ஒரு படியைக் குடும்பத்தார்க்குக் கொடுத்து, ஒன்றைச் சங்கத்திலும் மற்றொன்றை வேறோர் ஊரிலும் காக்கிறோம். ஒரே இடத்தில் வைத்த பொருள் ஒரே நாளில் அழியக்கூடும் என்பதைச் சுரங்க ஊர் மக்களாகிய நமக்கு யாரும் சொல்ல வேண்டா.

உங்களை நான் வேண்டுவது இதுவே. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாட்டனார், ஒரு பாட்டியார் இருக்கின்றனர். சுரங்கத்துள் இறங்கியவர் கதை ஒருபுறமிருக்க, சங்கு ஊதியதும் வாயிலில் நின்று வழி பார்த்திருந்த தாய்மாரின் கதையை இதுவரை நாம் ஒன்றுகூடப் பதியவில்லை. பதினொன்றும் ஆடவர் குரல்களே. இக்குறையை இவ்வாண்டில் நீக்க வேண்டும். மாலை வேளையில் இரண்டு மணி நேரம் ஒதுக்க முன்வரும் இளைஞர்க்கு நான் அறிந்ததை எல்லாம் கற்றுத்தருவேன். கல்லூரிப் படிப்பு வேண்டியதில்லை. நகத்தால் தட்டிப் பார்க்கும் பொறுமை இருந்தால் போதும்.

என் தந்தையாரின் அப்பதிவை நான் அழிக்கவில்லை. இரைச்சலைக் குறைக்கும் மென்பொருள்களால் முயன்று பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் இரண்டே சொற்கள் தெளிவாகக் கேட்கின்றன. “மேலே வந்துட்டோம்” என்கிறார். அதற்கு முன்னும் பின்னும் என்ன சொன்னார் என்பது என் நினைவில் மட்டுமே இருக்கிறது. என் நினைவுக்குப் பின் அதுவும் இராது. மற்றைய வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்நிலை வாராதிருக்கட்டும்.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!